கட்டு மாற்றும் நேரத்தில் ஒரு கதை

தீக்காயப் பிரிவில் சேர்க்கப்படுவோர் ஓரிரு நாளில் வீடு திரும்புவது அரிது. பலர் வாரக்கணக்கிலும், தோல் ஒட்டு அறுவை தேவைப்படுவோர் சில வேளை மாதக்கணக்கிலும் இங்கே தங்குகின்றனர். முதல் சில நாள்கள் பதற்றத்தில் கழிந்துவிடும். அதன்பின் நீண்ட பகற்பொழுதுகள் வருகின்றன. நோயாளருக்கும் அவருடன் இருப்பவருக்கும் இடையே பேச்சு குறைந்து, “வலிக்குதா?”, “சாப்பிடுறீகளா?” என்னும் இரண்டு கேள்விகளில் வந்து நின்றுவிடுகிறது. விபத்தைப் பற்றிப் பேச இருவருக்கும் அச்சம். வேறொன்றைப் பற்றிப் பேச மனம் வருவதில்லை. வலிக்கு மருந்து எழுதும் எங்களுக்கு இந்த மௌனம் நெடுநாளாகக் கவலை தந்து வந்தது.

அதைத் தளர்த்தும் வழிகளுள் ஒன்றாக, சென்ற தீபாவளிக்குப் பின் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினோம். நடமாட இயன்ற நோயாளர்களும், உடனிருப்போரும், பணி முடித்த செவிலியர்களும் வந்து அமர்ந்தனர். எடுத்துக்கொண்ட நூல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. பெரும் எதிர்பார்ப்புகள் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எங்களுள் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு பகுதியைப் படித்து, உடனே அதைத் தமிழில் சொல்வார். ஆங்கிலம் அறிந்தவர் அங்கே நால்வரோ ஐவரோதான். ஆயினும் கதை கேட்க அது தடையாக இருக்கவில்லை.

சேர்ந்து படிப்பது நமக்குப் புதிதன்று

ஒருவர் படிக்கப் பலர் கேட்பது நம் மண்ணின் பழைய வழக்கம். வத்திராயிருப்புக்கு அருகில் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருப்பதை நம் மாவட்டத்தார் அறிவர். அவள் கதை ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக ஊர் ஊராகச் சென்றது. எழுத்தறிந்த ஒருவர் விளக்கருகே அமர்ந்து படிக்க, சுற்றி இருந்த பெண்கள் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் பாரதத்தின் விராட பருவத்தைக் கூடியிருந்து படிக்கும் வழக்கமும் நம் கிராமங்களில் இருந்தது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் வீட்டில் நடத்திய ‘வட்டத்தொட்டி’யும் இத்தகைய கூட்டமே. 1882 முதல் 1954 வரை வாழ்ந்த அவர் சட்டம் பயின்றவர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது கம்பனைப் படித்துக் காட்டியதால்தான். ஒரு பாடலை மீண்டும் மீண்டும் நிறுத்திச் சொல்லி, கேட்பவர் மனத்தில் அது தானே விளங்கும்வரை அவர் காத்திருப்பார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய ரசனைக்கு ஆட்பட்டவர்கள்.

இங்கிலாந்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேன் டேவிஸ் என்பவர் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்க்கன்ஹெட்டில் இதே முறையைக் கையிலெடுத்தார். செவ்வியல் இலக்கியங்களை உரக்கப் படித்து, இடையிடையே நிறுத்திப் பேசும் சிறு குழுக்கள் பின்னர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் சிறைகளிலும் பரவின. முன்கூட்டியே படித்து வர வேண்டியதில்லை. பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எங்கள் வட்டத்திற்கும் இவ்விரண்டு விதிகளையே எடுத்துக்கொண்டோம்.

பிப்பின் கைகளும் நம் கைகளும்

இந்த நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ என்னும் வார இதழில் 36 பகுதிகளாக வெளிவந்தது. அந்தப் பகுப்பையே நாங்களும் பின்பற்றினோம். நோயாளர்கள் வருவதும் வீடு திரும்புவதுமாக இருந்ததால் ஒவ்வொரு வாரமும் முன்கதையை யாரேனும் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை ஒரு சாத்தூர்ப் பாட்டி எடுத்துக்கொண்டார். டிக்கன்ஸ் எழுதாத சில வசைமொழிகள் அவர் சொன்ன முன்கதையில் இருந்தன, யாரும் திருத்தவில்லை.

கதையின் நாயகன் பிப் பெற்றோரை இழந்த சிறுவன். அக்காள் வீட்டில், கொல்லராகிய அவள் கணவர் ஜோவின் அன்பில் வளர்கிறான். செல்வச் சீமாட்டி மிஸ் ஹாவிஷாமின் மாளிகைக்கு அழைக்கப்பட்டபோது, அங்கு வளரும் எஸ்டெல்லா என்னும் சிறுமி அவனுடைய முரட்டுக் கைகளைக் கண்டு ஏளனம் செய்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி அவன் எண்ணியதே இல்லை. அன்று முதல் அவற்றுக்காக வெட்கப்படுகிறான். பின்னர், தன்னை வளர்த்தவரின் கைகளுக்காகவும் வெட்கப்படுகிறான்.

இந்த இடத்தில் வட்டம் முதன்முறையாக வாய் திறந்தது. அலுமினியப் பொடி படிந்து சாம்பல் நிறமான கைகளோடு பேருந்தில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர் சற்று நகர்வதை ஒருவர் சொன்னார். தழும்பேறிய கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் அவர் கையை மடிமீது வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

டிக்கன்ஸின் வாழ்க்கையை நாங்கள் சொன்னபோது கூட்டம் மேலும் நெருங்கியது. 1824ஆம் ஆண்டு தந்தை கடனுக்காகச் சிறை செல்ல, 12 வயதில் டிக்கன்ஸ் லண்டனில் காலணி மெருகு தயாரிக்கும் தொழிற்கூடம் ஒன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டார். மெருகுச் சாடிகளை மூடிக் கட்டி லேபிள் ஒட்டுவது அவர் வேலை. அந்த அவமானத்தை அவர் தம் வாழ்நாளில் வெளியே சொல்லவில்லை. அவர் மறைந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்றின் மூலமே உலகம் அதனை அறிந்தது.

லேபிள் ஒட்டுவது என்றதும் ஐம்பது வயதைக் கடந்த மூன்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். விடியுமுன் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய தலைமுறை அவர்களுடையது. சிவகாசித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டிருந்தனர். “அவ்வளவு பெரிய எழுத்தாளரே வெளிய சொல்லலையா?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். பிறகு தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவற்றை எங்களிடம் சொன்னார்.

தீ வரும் அத்தியாயம்

நாவலின் 49ஆம் அத்தியாயத்தில் தீ வருகிறது. திருமண நாளன்று காலையில் மணமகனால் கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷாம், கடிகாரங்களை நிறுத்திவிட்டு, மணக்கோலத்தைக் களையாமல் ஆண்டுக்கணக்கில் இருண்ட வீட்டில் வாழ்பவர். பிப்பிடம் மன்னிப்புக் கேட்ட சிறிது நேரத்தில், கணப்பருகே இருந்த அவருடைய பழைய உடையில் தீப்பற்றுகிறது. பிப் தன் தடித்த மேலங்கிகளை அவர்மீது போர்த்தித் தரையில் தள்ளி, மேசை விரிப்பையும் இழுத்து மூடித் தீயை அணைக்கிறான்.

தீக்காயம் பட்டவர்கள் நடுவே இதைப் படிக்கலாமா என்று நாங்கள் பலமுறை கலந்து பேசினோம். விட்டுவிட்டால் கதையின் முதுகெலும்பே போய்விடும். படித்தால் ஆறாத புண்ணைக் கிளறியதாகலாம். முடிவில் வட்டத்தையே கேட்டோம். இன்ன அத்தியாயம் வருகிறது, அதில் இன்னது நடக்கிறது என்று ஒரு வாரத்திற்கு முன்பே சொன்னோம். விரும்பாதவர் வர வேண்டியதில்லை, நடுவில் எழுந்து போகலாம் என்றோம். மனநல மருத்துவரை உடன் அமர்த்திக்கொண்டோம். இருவர் வரவில்லை. ஒருவர் பாதியில் எழுந்து சென்றார். செவிலியர் ஒருவர் அவருடன் சென்று அமர்ந்திருந்தார். மற்றவர்கள் இறுதிவரை கேட்டனர்.

அன்று வந்திருந்தவர்களுள், உடன் வேலை செய்தவரைக் காப்பாற்றச் சென்று இரு கைகளும் வெந்த ஒருவர் இருந்தார். அவர் காப்பாற்ற முயன்றவர் மூன்றாம் நாள் இறந்துவிட்டார். வட்டத்திற்கு வந்த நாள் முதல் வாய் திறவாதிருந்த அவர், அன்று மெதுவாகக் கேட்டார்: “அந்தம்மா பொழச்சுருச்சா சார்?”

கதையை மாற்ற எங்களுக்கு உரிமையில்லை. பிழைக்கவில்லை, சிறிது காலம் கிடந்து இறந்துவிடுகிறார் என்று சொன்னோம்.

“அப்ப அவன் கை வெந்தது வீணா?”

மருத்துவர்களாகிய எங்களிடம் அதற்கு விடை இருக்கவில்லை. விடை சாத்தூர்ப் பாட்டியிடமிருந்து வந்தது. “வீணு எப்படிய்யா ஆகும்? அந்த அம்மா தன்னந்தனியா எரியலையே. ஓடிவந்து கட்டிப்புடிக்க ஒருத்தன் இருந்தான்ல.”

அவர் அழுதார். அருகில் இருந்த அவர் மனைவியும் அழுதார். விபத்து நடந்த நாளைப் பற்றி அவர்கள் இருவரும் முதன்முதலாகப் பேசியது அன்றிரவுதான் என்று மனைவி பின்னர் எங்களிடம் கூறினார். ஒரு சிறுகதைபோல் எல்லாம் அன்றே தீர்ந்துவிடவில்லை. அவருக்குத் தூக்கமின்மையும் கெட்ட கனவுகளும் தொடர்ந்தன. மனநல சிகிச்சை இன்றும் நடைபெறுகிறது. ஆனால் சிகிச்சைக்குத் தேவையான பேச்சு அன்று தொடங்கியது. (இக்கட்டுரையில் குறிப்பிடப்படுவோரின் இசைவைப் பெற்றுள்ளோம், அடையாளம் தரும் விவரங்களைத் தவிர்த்துள்ளோம்.)

ஹெர்பர்ட் செய்த வைத்தியம்

தீயை அணைத்த வேளையில் பிப் தன் கைகள் வெந்ததை உணர்வதில்லை. பின்னர் கண்ணால் பார்த்தே அறிகிறான். இது எழுத்தாளரின் கற்பனை என்று சிலர் நினைத்தனர். நாங்கள் அன்றாடம் காணும் உண்மை இது. பெரும் ஆபத்தில் மூளை வலிச் செய்திகளைத் தற்காலிகமாக அடக்கிவிடக்கூடும். வலி புண்ணின் அளவை மட்டும் பொறுத்ததன்று. கவனம், அச்சம், சூழல் ஆகியவையும் அதனைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள், தண்டுவடத்தில் வலிச் செய்திகளைத் தணிக்கவோ பெருக்கவோ செய்யும் வாயில் போன்ற அமைப்பு உண்டு என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். அதன் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், வலி சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது.

அடுத்த அத்தியாயத்தில் பிப்பின் நண்பன் ஹெர்பர்ட் அவனுக்குக் கட்டு மாற்றுகிறான். குறித்த நேரங்களில் கட்டுகளை அவிழ்த்து, குளிர்ந்த நீர்மத்தில் நனைத்துத் திரும்பச் சுற்றுகிறான். அப்படிச் சுற்றிக்கொண்டே ஒரு கதை சொல்கிறான். வலிக்கும்போது நிறுத்திக் கேட்கிறான். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். நாவலின் மிகப் பெரிய ரகசியம் அவிழ்வது அந்தக் கட்டு மாற்றும் நேரத்தில்தான்.

கட்டு மாற்றுதல் தீக்காய நோயாளர் மிகவும் அஞ்சும் வேளை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் அவர் குழுவினரும் இதற்கென ‘ஸ்நோவேர்ல்ட்’ என்னும் கணினி விளையாட்டை உருவாக்கினர். நோயாளர் கண்ணில் கருவியை அணிந்து பனிப் பள்ளத்தாக்கில் பறந்துகொண்டிருக்க, அவர் புண்ணுக்குச் சிகிச்சை நடைபெறும். மனம் வேறிடத்தில் ஆழ்ந்திருந்தால் உணரும் வலி குறைகிறது என்பதை அவர்கள் காட்டினர். அத்தகைய கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் ஹெர்பர்ட் செய்ததை யாரும் செய்யலாம். கட்டு மாற்றும் அறைக்குள் உடனிருப்போர் வர இயலாதபோது, கதை சொல்லும் பணியைச் செவிலியர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். வலி மருந்துக்கு இது மாற்றாகாது. மருந்துக்குத் துணையாக நிற்பது.

உடனிருப்போரின் கதை

இது காதலும் செல்வமும் பற்றிய நாவல் என்று கல்லூரியில் கற்றோம். மருத்துவமனையில் படித்தபோது, உடனிருப்போரைப் பற்றிய நாவலாகத் தோன்றியது.

பிப் கடும் காய்ச்சலில் கிடக்கும்போது, அவனால் புறக்கணிக்கப்பட்ட ஜோ வந்து பேணுகிறார். பிப்புக்கு உடல் தேறத் தேற ஜோ மரியாதையாக விலகத் தொடங்குகிறார். ஒரு நாள் அதிகாலையில், பிப்பின் கடனையும் தீர்த்துவிட்டு, சொல்லாமல் ஊர் திரும்புகிறார். நோயாளர் குணமாகும் வேளையில் உடனிருந்தவர் மனத்தில் எழும் வெறுமையை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன பக்கங்கள் குறைவு. அதைக் கேட்ட ஒரு தாயார், “இனிமே இவனுக்கு நான் எதுக்கு?” என்று மகனைக் காட்டிச் சிரித்தார். அது வெறும் சிரிப்பன்று என்பது அங்கிருந்த அனைவருக்கும் புரிந்தது.

எல்லாரும் மிகவும் மகிழ்ந்தது வெம்மிக்கின் வீட்டில்தான். காது கேளாத முதிய தந்தைக்காக அவர் ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்குச் சிறு பீரங்கியை வெடிக்கிறார். அந்த ஓசை ஒன்றுதான் கிழவருக்குக் கேட்கும். அதைக் கேட்டு அவர் குதூகலிப்பார். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

டிக்கன்ஸ் காலமும் நம் காலமும்

கதையில் உள்ள முதலுதவியை அப்படியே பின்பற்றிவிடக் கூடாது என்பதால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டையும் வட்டத்தில் பேசினோம்.

உடையில் தீப்பற்றியவர் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். பிப் செய்ததுபோல் தடித்த போர்வையால் மூடி அணைப்பது சரியே. ஆனால் நைலான், பாலியஸ்டர் துணிகள் உருகி உடலில் ஒட்டும் என்பதால் பருத்திப் போர்வையோ கம்பளியோ வேண்டும்.

தீ அணைந்தபின் வெந்த இடத்தில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர் விழ வேண்டும். பனிக்கட்டி கூடாது. பற்பசை, மை, மஞ்சள், மாவு எதையும் பூசக் கூடாது. வளையல், மோதிரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். உடலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது.

மிஸ் ஹாவிஷாமின் உடலை அக்கால வழக்கப்படி பஞ்சால் மூடினார்கள். இன்று பஞ்சு வைப்பதில்லை. இழைகள் புண்ணில் ஒட்டும். சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி, 108க்கு அழைத்து மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தால் உள்ளே ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள் பலர் அடுத்தடுத்த வெடிப்பில் உயிரிழந்ததை நம் மாவட்டம் மறக்காது.

படுக்கையருகே படிக்க விரும்புவோருக்கு

எந்த நூலையும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில நாவலாக இருக்க வேண்டியதில்லை. நோயாளர் இளமையில் விரும்பிய தொடர்கதையாயின் இன்னும் நன்று.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். கதையை ஆவலான இடத்தில் நிறுத்துங்கள். நாளை என்ன ஆகும் என்ற கேள்வியோடு உறங்குவது நல்லது.

படித்துக்காட்டும்போது நீதி சொல்லாதீர்கள். “பார்த்தீர்களா, அவன் எவ்வளவு தைரியமாக இருக்கிறான்” என்ற சொல் நோயாளரைச் சுடும்.

படிக்கத் தெரியாதவர்கள் கதை சொல்லலாம். நோயாளரைச் சொல்லச் சொல்லிக் கேட்பதும் நல்லதே.

ஆறாத புண்ணுள்ள கைகளில் புத்தகத்தைத் தராதீர்கள். நீங்களும் கைகளைக் கழுவிக்கொண்டு தொடங்குங்கள். கடும் வலியிலோ மருந்து மயக்கத்திலோ நோயாளர் இருந்தால் அன்று படிக்க வேண்டாம். அருகே அமர்ந்திருந்தால் போதும்.

கெட்ட கனவுகள், விபத்தை நினைவூட்டுபவற்றைக் கண்டு விலகுதல், திடுக்கிடுதல் ஆகியவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள். உடனிருப்போருக்கும் இவை வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு டிக்கன்ஸ் முதலில் ஒரு முடிவை எழுதி, நண்பர் புல்வர் லிட்டன் கூறியதைக் கேட்டு வேறு முடிவை அச்சிட்டார். இரண்டையும் படித்தோம். எது சரி என்பதில் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. வீடு திரும்பிய சிலர் தொலைபேசியில் அழைத்து முடிவைக் கேட்டறிந்து, தங்கள் கட்சியையும் சொன்னார்கள்.

அடுத்த நூலாக ஜார்ஜ் எலியட் 1861இல் வெளியிட்ட ‘சைலஸ் மார்னர்’ நாவலைத் தேர்ந்துள்ளோம். தனித்து வாழும் நெசவாளர் ஒருவரின் கதை என்று கேட்டதும் அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்த நெசவாளர் ஒருவர் அதையே எடுக்கச் சொன்னார். வரும் தீபாவளி முடிந்த முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் புறநோயாளர் கூடத்தில் தொடங்குகிறோம். ஆங்கிலம் வேண்டியதில்லை, நூல் வாங்க வேண்டியதில்லை. வந்து அமர்ந்து கேளுங்கள். முன்கதை சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். சாத்தூர்ப் பாட்டியின் மகள் தேறி, இருவரும் ஊர் போய்விட்டார்கள்.